பெரியாற்றுப் பத்திரமும் சிந்து உடன்படிக்கையும்

தேனி மாவட்டத்து வீரபாண்டியிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் காலைப் பத்திரிகையைக் கையில் எடுக்கும் விவசாயி, டெல்லியில் யார் மந்திரியானார், வாஷிங்டனில் யாரோடு யார் கைகுலுக்கினார் என்பவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பாக, உள்பக்கத்தின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அச்சாகும் பெரியாறு அணையின் நீர்மட்டத்தையும், வரத்தையும், வெளியேற்றத்தையும் பார்த்துவிடுகிறார். 136, 142, 152 என்ற மூன்று எண்களுக்கும் பின்னால் உள்ள சரித்திரத்தை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட இங்கே தவறில்லாமல் சொல்வார்கள். வெளிநாட்டு விவகாரங்களையும் தேசப் பாதுகாப்பையும் பற்றித் தொலைக்காட்சியில் அபிப்பிராயம் சொல்லுகிற நிபுணர்கள், ஓய்வுபெற்ற தூதர்களானாலும் ஜெனரல்களானாலும், இப்படிப்பட்ட ஒருவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் இரண்டு அரசுகளுக்கு இடையே எழுதப்பட்ட ஒரு பத்திரத்தை நம்பி நாற்று விடுவதென்றால் என்ன, அந்தப் பத்திரம் ஆட்டங்காணும்போது வயிற்றில் என்ன செய்யும் என்பவற்றை நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்து அறிந்த ஜனங்கள் இந்தியாவில் எங்கேனும் உண்டென்றால், அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள்.

சித்திரை மாதத்தில் கௌமாரியம்மன் திருவிழாவுக்குத் தீச்சட்டி ஏந்தி வருகிற பக்தர்கள் முழுக்குப் போடுகிற முல்லையாற்றில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி, இயற்கை வகுத்த வழியில் விட்டிருந்தால் மேற்கே அரபிக் கடலில் போய் விழுந்திருக்கும். அதை மலையின் உச்சியில் மறித்து, பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக நனைத்து, வீரபாண்டியைத் தாண்டி வைகையில் சேர்த்து, மதுரையையும் கடந்து ராமநாதபுரம் சீமை வரைக்கும் அனுப்புகிறார்கள். பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரால் விளைகிறது; ஜூன் மாதம் முதல் தேதி மதகு திறக்குமா, தள்ளிப்போகுமா என்பதுதான் இங்கே வருஷத்தின் முதல் கேள்வி. அணையைப் பராமரித்து இயக்குவது தமிழக நீர்வளத் துறை. அணை நிற்கிற நிலம் கேரளத்தைச் சேர்ந்தது. காவல் நிற்பது கேரளப் போலீஸ். உலகத்தில் இத்தகைய ஏற்பாடுகள் அதிகமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஆதாரமான குத்தகைப் பத்திரம் 1886ஆம் வருஷம் அக்டோபர் 29ஆம் தேதி கையெழுத்தாயிற்று. ஒரு பக்கத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் சார்பில் திவான் ராமய்யங்கார்; மறுபக்கத்தில் இந்தியாவுக்கான ராஜாங்க மந்திரியின் சார்பில் ஹானிங்டன் துரை. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வாடகை, 999 வருஷ காலம். சக்கரவர்த்தினியின் சர்க்காருக்கும் அதன் நிழலில் வாழ்ந்த ஒரு சம்ஸ்தானத்துக்கும் இடையே நடந்த பேரம் சமமான பேரமாக இருந்திருக்க முடியாது என்று கேரள நண்பர்கள் சொன்னால், அதை மறுப்பதற்கு நம்மிடம் நியாயம் இல்லை. ஆயினும் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை நேர்ந்தால் தரப்புக்கு ஒரு மத்தியஸ்தர் அமர்ந்து தீர்க்க வேண்டும், அவர்களும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும் என்றும் அந்தப் பத்திரத்தை எழுதியவர்கள் எழுதிவைத்தார்கள். வலியவன் எளியவனோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையில் இப்படி ஒரு ஷரத்து இருப்பது அபூர்வம். அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து அவர் கட்டியது மறுக்க முடியாத சாதனை. ஆனால் 1895ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு மதகைத் திறந்துவைத்த நாள் முதல் இன்றுவரை அந்தச் சுவர் நமக்குப் பயன்பட்டு வருவதற்கு, சுவரின் பலம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்தப் பத்திரத்தின் பலமும். அதை எழுதிய குமாஸ்தாக்களுக்குச் சிலை வைத்தவர் யாரும் இல்லை.

அந்த நடுவர் ஷரத்துக்கு ஒருநாள் வேலை வந்தது. சென்னை மாகாண சர்க்கார், பாசனத்துக்காகத் திருப்பிய தண்ணீர் மலையிலிருந்து விழுகிற வேகத்தைக் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்ய விரும்பியபோது, பாசனத்துக்கென்று கொடுத்ததை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த உரிமை இல்லை என்று திருவிதாங்கூர் ஆட்சேபித்தது. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலம் அது. தரப்புக்கு ஒருவராக அமர்ந்த மத்தியஸ்தர்கள் இரண்டு விதமாகச் சொல்ல, விவகாரம் நடுவரான நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போயிற்று. 1941ஆம் வருஷம் மே மாதம் 12ஆம் தேதி அவர் தீர்ப்புச் சொன்னார்: தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே, மின்சாரத்துக்கு இல்லை. சாம்ராஜ்யம் தோற்றது, சம்ஸ்தானம் வென்றது. யுத்தகாலத்தில், சகல அதிகாரங்களும் கையில் இருந்த ஒரு சர்க்கார், தனக்குக் கீழ்ப்பட்ட ஒரு ராஜ்யத்திடம் தோற்று, அந்தத் தோல்வியை ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்காரர்களின் நல்ல குணத்துக்கு இதை அத்தாட்சியாக நான் காட்டவில்லை. அவர்கள் மீறிய வாக்குறுதிகளின் பட்டியல் நீளமானது. ஒரு பத்திரத்தின் யோக்கியதை, தோற்றவன் அன்றைய தினம் என்ன செய்தான் என்பதில்தான் தெரியவருகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தோற்ற தரப்பு பிற்காலத்தில் என்ன செய்தது என்பதும் கவனிக்கத்தக்கது. சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாகாணம் கேரளத்தோடு உட்கார்ந்து பேசி, சம்மதம் பெற்று, லோயர் கேம்ப்பில் 35 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்களைக் கொண்ட மின் நிலையத்தை நிறுவிற்று. 1970ஆம் வருஷம் மே மாதம் 29ஆம் தேதி செய்துகொண்ட துணை ஒப்பந்தங்களில் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் நிர்ணயமாயிற்று. 84 வருஷமாக அசையாமலிருந்த 5 ரூபாய் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தது. நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமிழகம் விட்டுக்கொடுத்தது. மீனை விட்டுக்கொடுத்ததற்காக அன்றைய சர்க்காரைக் குறை சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் மதிப்பீட்டில், கம்பம் பள்ளத்தாக்குக்காக யாரேனும் செய்த ராஜதந்திரக் காரியங்களில் அதைவிட லாபகரமானது வேறில்லை. ஏனென்றால், 1947இல் பிரிட்டிஷ் மேலாதிக்கம் நீங்கியபோது இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி சம்ஸ்தானங்களோடு செய்த உடன்படிக்கைகள் காலாவதியாயின, ஆகையால் 1886 பத்திரமும் காலாவதி என்று கேரளம் பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டபோது, அந்தப் பத்திரம் ராஜரீக உடன்படிக்கை அல்ல, 7ஆவது பிரிவு அதைத் தொடாது என்று கோர்ட்டார் கண்டதோடு, 1970இல் கேரளமே மனமொப்பி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதும் நம் பக்கத்துக்குக் கனம் சேர்த்தது.

அதற்கு இடையில் நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1979இல் குஜராத்தின் மோர்வியில் அணை உடைந்து ஊர் அழிந்த பிறகு பெரியாற்றின் கீழ்ப்புறத்தில் பயம் பிறந்தது, மத்திய நீர்வளக் கமிஷனின் யோசனைப்படி நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கப்பட்டது, அணை பலப்படுத்தப்பட்டது, 2006 பிப்ரவரியில் 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று, அடுத்த மாதமே கேரள சட்டசபை ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்து, 136 அடிக்கு மேல் தேக்கக்கூடாது என்று தன்னளவில் தீர்மானித்துக்கொண்டது. 2011ஆம் வருஷக் கடைசியில் இந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தார்கள், மலைப்பாதைகள் மறிக்கப்பட்டன, இரண்டு பக்கத்திலும், அணையோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத கடைக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அடிபட்டார்கள். அந்த நாட்களை நினைத்து இரு பக்கத்தாரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான குழு அணையைப் பரிசோதித்து அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் தேதி, தலைமை நீதிபதி லோதா தலைமையில் அமர்ந்த ஐந்து நீதிபதிகள், கோர்ட்டின் தீர்ப்பைச் சட்டசபை தனியே ஒரு சட்டம் போட்டு ரத்து செய்துவிட முடியாது என்று சொல்லி அந்தத் திருத்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் நீர்மட்டம் 142ஐத் தொட்டபோது இந்த ஊர்களில் வெடி வெடித்தார்கள்.

கேரளத்தார் 2006இல் செய்ததில் நாம் கண்ட குற்றம் என்ன? வண்டிப்பெரியாற்றிலும் வல்லக்கடவிலும் வாழ்கிறவர்களின் பயத்தை நாம் குற்றமென்று சொல்லவில்லை. நூற்றாண்டைக் கடந்த அணைக்குக் கீழே படுத்து உறங்குகிறவனுடைய பயத்தைப் பரிகசிக்கும் உரிமை மேட்டில் இருப்பவனுக்குக் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாட்டை ஒருவர் மட்டும், தன் வீட்டுக்குள் அமர்ந்து, தன் காரணங்கள் எவ்வளவு கனமானவையாயிருந்தாலும், மாற்றிவிட முடியாது என்பதே நம் வாதம். பன்னெடுங்காலமாக அந்த ஒரு வாதத்தின்மேல் நின்றுதான் இந்தப் பள்ளத்தாக்கு நெல் விளைத்துக்கொண்டிருக்கிறது.

அதே வாதம் 2025இல் வேறோர் எல்லையில் சோதனைக்கு வந்தது. ஏப்ரல் 22ஆம் தேதி காஷ்மீரத்தின் பஹல்காமில் 26 உயிர்களைப் பயங்கரவாதிகள் பறித்தார்கள். மறுநாள் மத்திய சர்க்கார் அறிவித்த நடவடிக்கைகளில், பாகிஸ்தானோடு 1960இல் செய்துகொண்ட சிந்து நதி நீர் உடன்படிக்கையை நிறுத்திவைப்பதும் ஒன்று. மே 7ஆம் தேதி ராணுவம் எல்லைக்கு அப்பால் தாக்கியது. 10ஆம் தேதி சண்டை நின்றது. உடன்படிக்கை நின்றது நின்றபடியே இருந்தது. இங்கே நம் ஊர்களிலும் அந்த அறிவிப்பைக் கைதட்டி வரவேற்றவர்கள் அநேகர். கொல்லப்பட்டவர்களை நினைத்துக் கொதித்த மனம் கைதட்டியது இயல்பு. தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து ஓட முடியாது என்று பிரதம மந்திரி சொன்னபோது அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பலருக்கும் பட்டது. ஆயினும், உடன்படிக்கையால் வாழ்கிற ஜனங்கள் கைதட்டுவதற்கு முன்பு ஒரு கணம் யோசித்திருக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சிந்து உடன்படிக்கை பரோபகாரத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ராவி, பியாஸ், சட்லெஜ் என்ற மூன்று கிழக்கு நதிகளும் பூரணமாக இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் என்ற மூன்று மேற்கு நதிகள், சில உபயோகங்கள் நீங்கலாகப் பாகிஸ்தானுக்கு. அந்தப் பங்கீட்டை ஒட்டி, பாகிஸ்தானில் மாற்றுக் கால்வாய்கள் வெட்டுவதற்காக இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. உலக வங்கி நடுவில் நின்று நடத்திவைத்தது. நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்டார்கள். 1965, 1971, 1999 ஆகிய மூன்று போர்களையும் அது தாண்டியது. பஞ்சாபும் ராஜஸ்தானும் இன்று கிழக்கு நதிகளின் தண்ணீரில் கோதுமை விளைவிப்பதற்கு மூலபத்திரமும் அதுவேதான். இரு அரசுகளும் முறைப்படி வேறொரு உடன்படிக்கை செய்து முடிக்கும்வரை இது நீடிக்கும் என்று அதன் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஒருவர் தனியே விலகுவதற்கு அதில் வழி வைக்கப்படவில்லை. 2025 ஜூனில், இந்த உடன்படிக்கை சம்பந்தமாக விசாரணையில் இருந்த வழக்கொன்றில், இந்தியாவின் நிறுத்திவைப்பு தன் அதிகாரத்தைப் பாதிக்காது என்று மத்தியஸ்த நீதிமன்றம் சொன்னபோது, அந்த நீதிமன்றத்தையே ஏற்கவில்லை என்று இந்தியா சொல்லிவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது லேசான ஆட்சேபம் அல்ல. கேரளமும் தமிழகமும் ஒரே குடியரசின் அங்கங்கள். மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. கேரளம் நம்மீது ஆள் அனுப்பிச் சுடுவதில்லை. ஆள் அனுப்பிச் சுடுகிற அண்டை நாட்டோடு, காகிதத்தில் எழுதியதைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? என் பதில் இது: தண்டிக்க வேண்டியதுதான், ஆனால் எதைக் கொண்டு தண்டிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வர்த்தகத்தை நிறுத்துவது, விசாவை ரத்து செய்வது, எல்லை கடந்து அடிப்பது எல்லாம் ஓர் அரசின் கையில் என்றும் இருக்கிற ஆயுதங்கள். இன்று எடுத்து நாளை கீழே வைக்கலாம். கொடுத்த கையெழுத்து அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது ஒருமுறை பின்வாங்கப்பட்டால், பிரம்மபுத்திராவின் மேல்பகுதியில், மெடோக் பிரதேசத்தில் பிரம்மாண்டமான அணைத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிற சீனாவிடம், கீழே இருக்கும் எங்கள் உரிமையை மதியுங்கள் என்று இந்தியா பேசும்போது, அந்தப் பேச்சின் கனம் குறைந்துபோகும். சீனாவோடு நமக்குத் தண்ணீர்ப் பங்கீட்டு உடன்படிக்கை ஏதும் இல்லை. சொல்லின் மதிப்பு ஒன்றுதான் கைமுதல்.

உடன்படிக்கையைத் திருத்த வேண்டும் என்று இந்தியா கேட்டது நியாயம். 2023 ஜனவரியிலும் 2024இலும் அதற்கென்றே நோட்டீஸ் கொடுத்தது. இமயத்துப் பனி உருகும் விதமும், ஜனத்தொகையும், மின்சாரத் தேவையும் 1960இல் இருந்தபடி இல்லை. மேற்கு நதிகளின் தண்ணீரைத் தங்கள் மண்ணிலேயே போதிய அளவு உபயோகிக்க முடியவில்லையே என்று ஜம்மு காஷ்மீரத்தார் நெடுங்காலமாக முறையிடுவதிலும் உண்மை இருக்கிறது. 5 ரூபாய் வாடகையை 1970இல் திருத்தியிராவிட்டால் பெரியாற்றுப் பத்திரம் என்ன கதியாயிருக்கும் என்று யோசித்தவர்கள், திருத்தக் கோரிக்கையைக் குறை சொல்லமாட்டார்கள். திருத்தக் கேட்டுக்கொண்டிருந்த கட்சி, கேட்பதை விட்டுவிட்டு ஏற்பாட்டையே நிறுத்தியதுதான் என் சங்கடம்.

தொலைக்காட்சி நிபுணர்கள் இதைப் பற்றிப் பேசிய விதத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாளைக்கே மதகை மூடி ஒரு தேசத்தைத் தவிக்க விடலாம் என்பதுபோலப் பேசினார்கள். மேற்கு நதிகளில் இந்தியா கட்டியிருப்பவை பெரும்பாலும் ஓடுகிற நீரில் மின்சாரம் எடுக்கும் திட்டங்கள். கோடையில் உருகி இறங்குகிற வெள்ளத்தைப் பிடித்து வைக்கிற நீர்த்தேக்கம் அங்கே இல்லை. உடன்படிக்கை அனுமதித்த 36 லட்சம் ஏக்கர் அடித் தேக்கத்தைக்கூட நாம் முழுமையாகக் கட்டிக்கொள்ளவில்லை. மதகை மூடிவிட்டால் மேலே தண்ணீர் எங்கே நிற்கும் என்பது எங்கள் ஊரில் மடைபார்க்கிற ஆள் முதலில் கேட்கிற கேள்வி. அதைக் கேட்காமல் ஒருவர் மணிக்கணக்கில் நதிகளைப் பற்றிப் பேச முடிகிறதென்றால், அவருடைய நிபுணத்துவம் எங்கே சம்பாதிக்கப்பட்டதோ தெரியவில்லை. நிறுத்திவைத்ததால் உடனடியாக நின்றது தண்ணீர் அல்ல. உடன்படிக்கைப்படி வெள்ள அளவுகளைப் பரிமாறிக்கொள்வதுதான்.

இன்னொரு குறை, தேச விவகாரங்களில் மாகாணங்களுக்கு உள்ள இடத்தைப் பற்றியது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு உடன்படிக்கை மத்திய சர்க்காரின் கையில் இருக்கிறது. நதியோ இரண்டையும் மதிக்காமல் ஓடுகிறது. 1996இல் வங்கதேசத்தோடு கங்கை நீர் உடன்படிக்கை சாத்தியமானதில் அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்குப் பெரும் பங்குண்டு; 2011இல் தீஸ்தா உடன்படிக்கை டாக்கா வரை போய்க் கையெழுத்தாகாமல் திரும்பியதற்கு மம்தா பானர்ஜி சம்மதிக்காததே காரணம். 1974இல் கச்சத்தீவு விஷயத்தில் தமிழகத்தின் அபிப்பிராயம் எந்த அளவு எடுபட்டது என்பதை ராமேஸ்வரத்து மீனவரைக் கேட்டால் சொல்வார். எல்லையிலும் நதிக்கரையிலும் இருப்பவனைக் கேட்டுச் செய்தது நிலைக்கிறது. கேளாமல் செய்தது ஐம்பது வருஷம் கழித்தும் தேர்தல் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆனாலும், தீர்ப்பு வந்துவிட்டால் தகராறு முடிந்துவிட்டது என்று நினைப்பதற்கும் இல்லை. பெரியாற்றில் பிரதான அணைக்குப் பக்கத்திலுள்ள பேபி அணையைப் பலப்படுத்துவதற்காக 15 மரங்களை வெட்ட வேண்டும். 2021 நவம்பரில் கேரள வனத்துறை அனுமதி தந்து, சில நாட்களுக்குள்ளாகவே அதை ரத்தும் செய்தது. அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு ஒருபுறம் இருக்க, 15 மரங்கள் மறுபுறம் நின்று அதை மறிக்கின்றன. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நோகின்றன: பாதையில் ஒரு கேட், லாரிக்கு ஒரு அனுமதிச் சீட்டு, அளவெடுக்கப் போன இன்ஜினீயருக்குக் கிடைக்காத படகு. இவற்றை அன்றன்றைக்குத் தீர்த்துவைக்கிற ஒரு சிறு குழு, எங்கோ நடக்கும் முதல்வர்கள் சந்திப்பைவிட உபயோகமானது.

அடுத்து புதிதாக எழுதப்பட வேண்டிய பத்திரம் ஒன்று உண்டு: வங்கதேசத்தோடு 1996 டிசம்பர் 12ஆம் தேதி 30 வருஷத்துக்கென்று எழுதப்பட்ட கங்கை உடன்படிக்கையின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. ஜனவரி முதல் தேதி தொடங்கி மே மாதம் 31 வரை, இந்தியாவின் பராக்கா தடுப்பணையிலும் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டு இன்ஜினீயர்களும் சேர்ந்து அன்றாடம் நீரை அளந்து எழுதுகிறார்கள். பத்து நாளைக்கு ஒரு கணக்கு. 70,000 கன அடியும் அதற்குக் குறைவும் என்றால் ஆளுக்குப் பாதி. நல்ல ஏற்பாடு. ஆனால் அளவில் தகராறு வந்தால் கூட்டுக் குழு, அது முடியாவிட்டால் நதிகள் கமிஷன், அதுவும் முடியாவிட்டால் இரு அரசுகளும் கூடிப் பேசுவது என்பதோடு அந்த உடன்படிக்கை நின்றுவிடுகிறது. ராமய்யங்காரும் ஹானிங்டனும் எழுதிவைத்த நடுவர் அதில் இல்லை. புதிதாக எழுதப் போகிறவர்கள் எத்தனை கன அடி யாருக்கு என்று பேரம் பேசுவதில் காட்டும் சிரத்தையில் கால் பங்கையாவது அந்த ஒரு ஷரத்தில் காட்டுவார்களானால், வங்கதேசத்துப் பத்மை நதிக்கரையில் நாற்று விடுகிறவனும் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத்தில் மடை பார்க்கிறவனும் பிழைத்துக்கொள்வார்கள்.